கொலைகாரனுக்கு ஒரே ஒரு வசனம்

யோகராசாவுக்குக் கொலைகாரனாகும் வாய்ப்பு நாற்பத்தாறாவது வயதில் வந்தது. அதற்கு முன் இரண்டு படங்களில் பிணமாக நடித்திருந்தான். முதல் படத்தில் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். இரண்டாவதில் குப்புறக் கிடந்தான். அவன் மனைவி பத்மாசனி இரண்டையும் பார்த்தாள். முதுகு நல்லா வந்திருக்கு என்றாள்.

திருகோணமலையில், வள்ளங்கள் வந்து அணையும் கரையை ஒட்டிய ஐஸ் பக்டறியில் அவனுக்கு வேலை. ஒருநாள் கஜந்தினி என்ற பெண் படம் எடுக்க இடம் தேடி அங்கே வந்தாள். அவன் குளிர் அறையின் பெரிய பூட்டைப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, இன்னொருக்காப் பூட்டுங்கோ."

பூட்டினான்.

"இப்ப திரும்பி என்னைப் பாருங்கோ."

பார்த்தான்.

"நீங்கள்தான் கொலைகாரன்" என்றாள்.

படத்தின் பெயர் 'பாலத்துக்கு இந்தப் பக்கம்'. புல்மோட்டையிலிருந்து திருகோணமலைக்கு வரும் பஸ் மாரி மழையில் குச்சவெளிப் பக்கம் நின்றுவிடுகிறது. முன்னாலும் வெள்ளம், பின்னாலும் வெள்ளம். ஒருவரையொருவர் தெரியாத ஏழு பயணிகள் கடலோரத்தில் ஒரு பழைய விடுதிக்குள் ஒதுங்குகிறார்கள். கதவை யாரோ வெளியே போகமுடியாதபடி பூட்டிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். படம் முழுவதும் வாய் திறக்காமல் மூலையில் இருக்கும் ஏழாவது பயணியான ஐஸ்காரன் கடைசியில் எழுந்து வந்து ஒரே ஒரு வசனம் சொல்வான்.

"கதவைப் பூட்டினது நான்தான்."

"'பூட்டினது' என்டு சொல்லிப்போட்டு ஒரு மூச்சு விடோணும் அண்ணை" என்றாள் கஜந்தினி. "பிறகு 'நான்தான்'. கத்தக்கூடாது. பஸ்ஸில ரிக்கற் கேக்கிற மாதிரிச் சொல்லோணும்."

யோகராசா பக்டறிக்குப் புதுப் பூட்டொன்று வாங்கிக்கொடுத்துவிட்டுப் பழையதைத் தன்னோடு வைத்துக்கொண்டான். பூட்டினான், திரும்பினான், மூச்சு விட்டான், சொன்னான். ஐஸ் கட்டிகள் கேட்டுக்கொண்டிருந்தன. வள்ளக்காரர்களும் கேட்டார்கள்.

"மச்சான், என்னைக் கொல்ல முதல் ரெண்டு கட்டி ஐஸ் தந்திட்டுக் கொல்லு. மீன் பழுதாகுது."

பத்மாசனி ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லி முடித்திருந்தாள். "இந்த முறை அவருக்கு வாயும் இருக்கு."

கஜந்தினிக்கு வேண்டியது குச்சவெளிக் கரையில் உண்மையாகவே இருந்த அந்த விடுதி ஒன்றுதான். அது அரசாங்கத்தின் ஏதோ ஒரு பிரிவுக்குச் சொந்தம். எந்தப் பிரிவுக்கு என்பதில் இரண்டு பிரிவுகளுக்கிடையே வழக்கு நடந்தது. தீர்ப்பு வரும்வரை சாவி நடுநிலையான ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்று முடிவானது. நடுநிலையான இடம் மாவட்டக் கலை இணக்கக் குழு. அது எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது அதன் உறுப்பினர்களுக்கு ஞாபகமில்லை. ஆனால் தவறாமல் கூடியது.

கொலைகாரனையும் கூட்டிக்கொண்டு வரும்படி குழு சொல்லியிருந்தது. யோகராசா சேர்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான்.

கூட்டம் வழக்கம்போலத் தொடங்கியது. மங்கள விளக்கு ஏற்றினார்கள். மூன்று மொழியில் வரவேற்றார்கள். நான்கு சமயத்துக்கும் பிரார்த்தனை நடந்தது. பிறகு எல்லோரும் மீண்டும் எழுந்து நின்றார்கள். ஏன் என்று தெரியாமல் யோகராசாவும் எழுந்தான்.

"படத்தில் உயிர் நீத்தவர்களுக்காக இப்போது ஒரு நிமிட மௌன அஞ்சலி" என்றார் தலைவர் இரத்தினசிங்கம்.

"ஐயா, அவை இன்னும் சாகேல்ல" என்றாள் கஜந்தினி.

"பிறகு நேரம் கிடையாது பிள்ளை."

நின்றார்கள். பிறகு தேநீரும் பால்பணிசும் வந்தன. பிறகு தலைவர் பேசினார்.

"நான் இந்தக் கதையை வாசிக்கேல்ல. அதை முதலே சொல்லிவைக்கிறன். வாசிச்சா எனக்குப் பக்கச்சார்பு வந்திடும். இந்தக் கதிரையில இருக்கிறவன் எதையும் வாசிக்கக்கூடாது. அது என்ர கொள்கை. இப்ப சொல்லுங்கோ, கொலைகாரன் ஆர்?"

கஜந்தினி யோகராசாவைக் காட்டினாள். அவன் எழுந்து கும்பிட்டான்.

"தமிழ் ஆளோ?"

"ஓம் ஐயா."

தலைவர் முகத்தில் வேதனை தெரிந்தது. "எங்கட சனம் பட்டது காணாதோ பிள்ளை. இனிக் கொலையும் நாங்களோ செய்யோணும்?"

"அப்ப முஸ்லிம் ஆளா மாத்துறன்" என்றாள் கஜந்தினி. மாரி தொடங்கி இரண்டு கிழமை ஆகியிருந்தது. மழை நின்றால் படமும் நின்றது. அவள் வாதாட வரவில்லை.

உறுப்பினர் ஹிஸ்புல்லா பணிசைக் கீழே வைத்தார். "தங்கச்சி, போன வருசம் நாடகப் போட்டியில கள்ளனுக்கு என்ன பேர் வச்ச என்டு எனக்கு இன்னும் ஞாபகம் இரிக்கி. நான் ஒண்டும் சொல்லல்ல. ஞாபகம் இரிக்கி என்டுதான் சொன்ன."

எல்லோரும் சிங்கள உறுப்பினர் ஜயவீரவைப் பார்த்தார்கள். அவர் தமிழை வகுப்பில் படித்துச் சித்தியடைந்தவர். "கொலைகாரர் சிங்களவர் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை" என்றார் புன்னகையோடு. "ஆனால் அப்போது அது நாட்டைப் பற்றிய படமாகிவிடும். அதற்குக் கொழும்பில் வேறு அனுமதி எடுக்க வேண்டும். என்னுடைய ஒரு கோப்பு அங்கே போயிருக்கிறது. திரும்பி வந்தால் சொல்கிறேன்."

"வெள்ளைக்காரர் ஒருத்தர்?" என்றாள் கஜந்தினி.

சுற்றுலாப் பிரிவுக்குப் பொறுப்பான கௌசிகா அதுவரை போனில் இருந்தாள். நிமிர்ந்தாள். "சீசன் வருது."

குழு ஆலோசித்தது. கொலைகாரன் எந்த இனத்தையும் சேராதவன் என்று தீர்மானித்தது. ஆகவே அவனுக்குப் பெயர் இருக்காது. மற்றவர்களுக்கு மட்டும் பெயர் இருந்தால் பெயரில்லாதவன்தான் கொலைகாரன் என்று சனம் கண்டுபிடித்துவிடும் என்றார் ஹிஸ்புல்லா. எல்லோருடைய பெயரும் நீக்கப்பட்டது. இனிமேல் பஸ்ஸில் இருந்த இடத்தின்படி அவர்கள் முதலாம் சீற், இரண்டாம் சீற். யோகராசா ஏழாம் சீற்.

"என்ர வசனம் இருக்குத்தானே ஐயா?" என்று கேட்டான் ஏழாம் சீற்.

"எங்க, சொல்லிக் காட்டும்."

அவன் நடு மண்டபத்துக்கு வந்தான். திரும்பினான். சொன்னான்.

கௌசிகா போனை மேசையில் வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்கு" என்றார் தலைவர். "அதுதான் பயமா இருக்கு. இதை அடுத்த கூட்டத்தில பாப்பம். எனக்கு இன்னொரு நிகழ்வு இருக்கு."

தலைவருக்கு எப்போதும் இன்னொரு நிகழ்வு இருந்தது. அவர் போனதும் மற்றவர்களுக்கும் இருந்தது. கூட்டத்தின் மிச்சத்துக்கு யோகராசாவும் கஜந்தினியும் தேநீர் கொடுத்தவரும் மட்டும் இருந்தார்கள்.

வீட்டில் பத்மாசனி கேட்டாள். "என்னவாம்?"

"நல்லா இருக்காம். பயமா இருக்காம்."

"அப்ப சரி" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் சாகிறவர்களை எடுத்தார்கள்.

"எத்தினை பேர்?" என்றார் தலைவர்.

"நாலு பேர் ஐயா."

"நாலை மூண்டு இனத்துக்கும் பிரிக்க ஏலாது. ஒண்டில் மூண்டு பேர் சாகட்டும், இல்லாட்டி ஆறு பேர் சாகட்டும்."

"ஆறு பேர் செத்தா மிச்சம் இருக்கிறவர்தான் கொலைகாரன் என்டு தெரிஞ்சிடும்."

"அப்ப மூண்டு."

மூவரில் பெண்கள் எத்தனை பேர் என்று கௌசிகா கேட்டாள். ஒருவர் என்றாள் கஜந்தினி. பெண்ணைக் கொல்வது வன்முறையைத் தூண்டும் என்றாள் கௌசிகா. ஆண்களை மட்டும் கொன்றால் பெண்களைப் புறக்கணித்ததாகும் என்றும் அவளே சொன்னாள். இரண்டையும் குறித்துக்கொள்ளும்படி தலைவர் சொன்னார். அதன் பிறகு பெண் பாத்திரம் சாகவுமில்லை, தப்பவுமில்லை. முதல் காட்சிக்குப் பிறகு அவரைக் காணவில்லை.

விடுதிக்குள் சாவு நடந்தால் அறை வாடகைக்குப் போகாது. ஆகவே வெளியே சாகவேண்டும். வெளியே கடற்கரை. கடற்கரையும் சுற்றுலாவுக்குள் வரும். ஆகவே வீதியில் சாகவேண்டும். வீதிக்குப் பொறுப்பானவர்கள் கடிதம் அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீதியில் வெள்ளம் நிற்பதில்லை, வெள்ளம் நிற்காத வீதியில் பஸ் நிற்கக் காரணமில்லை என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தவர் இடுப்புவரை நனைந்திருந்தார்.

"அப்ப பஸ் ஏன் நிக்குது?" என்றாள் கஜந்தினி.

"இறங்கிப் பாக்கிறதுக்கு" என்றாள் கௌசிகா. "வடிவான இடம்தானே."

ஆயுதத்துக்கு வந்தார்கள். மீன் கத்தி என்றால் மீனவர் சங்கம் கேள்வி கேட்கும். கயிறு என்றாலும் அவர்கள்தான். மருந்து என்றால் ஆஸ்பத்திரி. ஐஸ் உடைக்கிற கம்பி என்று யோகராசா மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். தலைவர் அவனைப் பரிவோடு பார்த்தார்.

"தம்பி, உம்மட தொழிலை நீரே கேவலப்படுத்தலாமோ?"

குழு ஆயுதத்தை நீக்கியது. இனி அவன் பார்வையால் கொல்லலாம். ஆனால் யாரையும் நேராகப் பார்க்கக்கூடாது.

இடைவேளையில் ஹிஸ்புல்லா அவன் தோளில் கை போட்டு வெளி விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி, உண்மையச் சொன்னா எனக்கும் கொலைப்படம்தான் விருப்பம். வீட்ட நானும் பொஞ்சாதியும் அதத்தான் பாக்கிற. நீங்க அண்டைக்குச் சொன்ன மாதிரி ஒரு வசனம் நான் கேட்டதில்ல."

"அப்ப உள்ள சொல்லுங்கோவன் ஹிஸ்புல்லா நானா."

"உள்ள எனக்கு ஒரு கதிரை இரிக்கி" என்றார் ஹிஸ்புல்லா.

கடைசிக் கூட்டத்தில் கொலைக்கான காரணத்தை எடுத்தார்கள். வறுமை காரணமாக இருக்கமுடியாது. மாவட்டத்தில் வறுமை ஒழிப்புத் திட்டம் வெற்றியாக நடந்துகொண்டிருந்தது. மனநோய் என்றால் நோயாளிகள் மனம் புண்படும். காதல் என்றால் எந்தக் காதல் என்று கேட்டார்கள்.

"பழிவாங்கிறது" என்றாள் கஜந்தினி. "முந்தி நடந்த ஒண்டுக்கு."

எல்லோரும் கதிரையில் சற்று அசைந்தார்கள்.

"முந்தி என்டா எப்ப?" என்றார் தலைவர்.

"சண்டைக் காலத்தில."

"அதைப் பற்றி ஒண்டும் சொல்ல ஏலாது."

"சண்டைக்கு முதல்?"

"அதுவும் சண்டையிலதான் போய் முடியும்."

"அதுக்கும் முதல்? ராசாக்கள் காலத்தில?"

ஜயவீர தொண்டையைச் செருமினார். "அது தொல்பொருள். அதற்கு வேறு குழு இருக்கிறது. அவர்கள் வந்தால் விடுதியில் எல்லைக் கல் நாட்டிவிடுவார்கள். பிறகு நமக்கே சாவி கிடைக்காது."

முதல்முறையாகக் குழு முழுவதும் ஒரே நேரத்தில் தலையாட்டியது.

தலைவர் எழுந்து தீர்ப்பைச் சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. தன் பேச்சு நன்றாக வரும்போது அவருக்கு அப்படி ஆகும்.

"நாங்கள் கலைக்கு எதிரானவர்கள் அல்ல. கொலைகாரன் இருக்கட்டும். கொலைதான் வேண்டாம். அவர் கொலை செய்ய யோசிப்பார். மற்ற ஆறு பேரின் ஒற்றுமையைப் பார்ப்பார். மனம் மாறுவார். கடைசியில், முதல் காட்சியோடு போன பெண்ணும் திரும்பி வர, ஏழு பேரும் சேர்ந்து மரக்கன்று நடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு கன்று. ஒருவர் நடுவதையும் வெட்டிக் குறைக்கக்கூடாது. குறைத்தால் அவருடைய ஆட்கள் கேட்பார்கள். குழி வெட்டுவதிலிருந்து தண்ணீர் ஊற்றுவது வரை முழுதாகக் காட்ட வேண்டும்."

யோகராசா கையை உயர்த்தினான். "ஐயா, என்ர வசனம்."

"எது?"

"கதவைப் பூட்டினது நான்தான்."

தலைவர் யோசித்தார். "'கதவைத் திறந்தது நாங்கள்தான்' என்டு சொல்லும். எல்லாரும் சேந்து சொல்லுங்கோ."

"தனியச் சொல்லேலாதோ ஐயா?"

"தம்பி, நான் முப்பது வருசமாக் குழுவில இருக்கிறன். இண்டைவரைக்கும் எதையாவது நான்தான் செய்தன் என்டு ஒரு இடத்தில சொன்னது கிடையாது. ஒருத்தனும் சொல்லமாட்டான். எல்லாத்தையும் நாங்கள்தான் செய்தம். அப்பிடிச் சொன்னாத்தான் பிறகு ஆர் செய்தது என்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் இணக்கம்."

கஜந்தினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை குறைந்துகொண்டு வந்தது. அவளுக்கு அது கேட்டது.

"சாவியைத் தாங்கோ ஐயா" என்றாள்.

படப்பிடிப்பின் முதல்நாள் குழு குச்சவெளிக்கு வந்து தேங்காய் உடைத்தது. கமராவை ஓடவிட முன் எல்லோருக்கும் இன்னொரு நிகழ்வு வந்துவிட்டது. யோகராசா ஒரு மூலையில் கதிரை போட்டு இருத்தப்பட்டான். யாரையும் பார்க்காமல் மனம் மாறினான். பிறகு கன்று நட்டான். அவன் தண்ணீர் ஊற்றும் காட்சியில் மழை வந்து எல்லாவற்றையும் கரைத்தது. வெள்ளம் நிற்காத வீதியில் மழையைக் காட்டக்கூடாது என்பதால் திரும்ப நட்டான்.

இதில் எதையும் அவன் பத்மாசனிக்குச் சொல்லவில்லை. சொல்ல இரண்டு முறை வாய் திறந்தான். ஒருமுறை அவள் சல்லிக் கிராமத்திலிருக்கும் தமக்கையோடு போனில் இருந்தாள். "கடைசியில எழும்பி வந்து ஒரு வசனம் சொல்லுவாராம். சனம் கதிரையை விட்டு எழும்புமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றமுறை அவளாகவே வந்து கேட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோவன். படத்தில எப்பிடிச் சொன்னனீங்கள்?"

"படத்தில பாரன்" என்றான்.

படம் நல்லிணக்க வாரத்தில் நகர மண்டபத்தில் காட்டப்படும் என்று குழு அறிவித்தது. அன்று பருவம் தவறிய மழையொன்று வந்து பெய்தது. பத்மாசனி வாடகைக்கு வானொன்று பிடித்து ஒழுங்கைச் சனத்தையே கூட்டிக்கொண்டு வந்தாள். வள்ளக்காரர்கள் வந்தார்கள். பின்வரிசை மூலையில், கதவுக்குப் பக்கத்தில் யோகராசா இருந்தான். பத்மாசனி அவனுக்குப் பக்கத்தில். முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட கதிரைகளில் குழு.

மண்டபத்துக்கு இரண்டு கதவு. ஒன்றின் குறுக்கே குழுவின் பெயர் எழுதிய பதாகை ஆணியடிக்கப்பட்டிருந்தது. அது மேடைக்கு அருகே படம் எடுக்க வசதியாக இருந்த கதவு.

விளக்கு ஏற்றினார்கள். வரவேற்றார்கள். பிரார்த்தித்தார்கள். மௌன அஞ்சலி செலுத்தினார்கள். யாருக்கென்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. மாலை போட்டார்கள். ஜயவீர பேசினார், ஹிஸ்புல்லா பேசினார், கௌசிகா பேசினாள். கடைசியாகத் தலைவர்.

"உலகத்திலேயே முதன்முறையாக ஒருவரும் சாகாத, ஒருவரும் கொல்லாத, கதவே பூட்டாத ஒரு திகில் படத்தை எங்கள் குழு உருவாக்கியிருக்கிறது" என்றார். "கதவே பூட்டாத" என்பது அவருக்குப் பிடித்துவிட்டது. இன்னொருமுறை சொன்னார்.

பத்மாசனி திரும்பினாள். "என்ன சொல்லுறார்? கதவு பூட்டேல்லையோ?"

யோகராசா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப உங்கட வசனம்?"

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு முன்னால் இருந்த ஒழுங்கைச் சனத்தைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் படம் பேசட்டும், நாங்கள் விடைபெறுகிறோம்" என்றார் தலைவர் மேடையில். "எங்களுக்கு இன்னொரு நிகழ்வு இருக்கிறது."

யோகராசா எழுந்தான். கதவு இரண்டடி தூரத்தில் இருந்தது. உள்பக்கம் பழைய இரும்புத் தாழ்ப்பாள், அதில் பூட்டுப் போடும் ஓட்டை. கால்சட்டைப் பைக்குள் கை போனது. சத்தம் மழையில் கேட்கவில்லை. அவன் திரும்பி வந்து இருந்தான்.

குழு மாலைகளோடு கதவடிக்கு வந்தது. தலைவர் தள்ளினார். இழுத்தார். மண்டபத்து விளக்கை அணைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"பூட்டியிருக்கு" என்றார் தலைவர்.

"மற்றக் கதவால போவம்" என்றாள் கௌசிகா.

"அதில எங்கட பேர் இருக்கு. கிழிக்க ஏலாது."

ஜயவீர பூட்டைக் குனிந்து பார்த்தார். "இது எந்தத் திணைக்களத்தின் பூட்டு?"

"எங்கட இல்ல" என்றார் ஹிஸ்புல்லா.

"எங்களுடையதும் அல்ல."

"நான் கதவுப் பக்கமே வரேல்ல" என்றாள் கௌசிகா.

"நீங்கள் கடைசியா வந்தனீங்கள்" என்றார் தலைவர் ஹிஸ்புல்லாவிடம்.

"நீங்கதான் கதவுக்குக் கிட்ட இருந்து போன் கதைச்ச" என்று ஹிஸ்புல்லா கௌசிகாவைக் காட்டினார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலைப் பூக்கள் நிலத்தில் விழுந்துகொண்டிருந்தன. சனம் திரும்பி உட்கார்ந்து அவர்களையே பார்த்தது. யாரோ கச்சான் கடலைப் பையைப் பிரித்தார்கள்.

தலைவர் குரலை உயர்த்தினார். "ஆர் இதைப் பூட்டினது?"

மூலைக் கதிரையிலிருந்து ஒருவன் எழுந்தான். அவசரப்படவில்லை. ஒரு அடி வைத்துத் திரும்பினான். தலைவரைப் பார்த்தான், நேராக.

"கதவைப் பூட்டினது."

ஒரு மூச்சு விட்டான்.

"நான்தான்."

பஸ்ஸில் ரிக்கற் கேட்கிற மாதிரித்தான் சொன்னான். ஹிஸ்புல்லா தன்னையறியாமல் கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆனால் அதற்குள் மண்டபம் எழுந்துவிட்டது. வள்ளக்காரர்கள் விசிலடித்தார்கள். படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் நின்ற கஜந்தினி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

பத்மாசனி மட்டும் எழவில்லை. முன்னால் இருந்தவர்களிடம் குனிந்து, "அதுதான் வசனம்" என்றாள்.

"திறவும்" என்றார் தலைவர்.

"படம் முடியத் திறக்கிறன் ஐயா. நீங்கள் எடுத்த படம்தானே."

முப்பது வருடத்தில் ஒருவர் தன் முகத்துக்கு முன்னால் நான்தான் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அதற்கு என்ன செய்வதென்று எந்தக் கூட்டத்திலும் தீர்மானிக்கப்பட்டிருக்கவில்லை. அவர் பூட்டை இன்னொருமுறை பார்த்தார். பிறகு வெள்ளை உறைக் கதிரைக்குத் திரும்பிப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. ஒரு பஸ் வந்து காரணமில்லாமல் நின்றது. ஆறு பேர் இறங்கி வடிவான இடத்தைப் பார்த்தார்கள். ஒருவன் மூலையில் இருந்து சுவரைப் பார்த்தான். முதலாம் சீற் மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டத் தொடங்கினார். வெட்டி முடித்தார். கன்றை வைத்தார். மண் போட்டார். தண்ணீருக்குப் போனார். தண்ணீர் தூரத்தில் இருந்தது.

இரண்டாம் சீற் மண்வெட்டியை வாங்கினார்.

மூன்றாம் சீற் குழி வெட்டும்போது முன்வரிசையில் ஜயவீர மாலையைக் கழற்றினார். நான்காம் சீற் தண்ணீருக்குப் போனபோது கௌசிகாவின் போன் சார்ஜ் முடிந்தது.

தலைவர் இருட்டில் குனிந்தபடி கஜந்தினியிடம் வந்தார்.

"பிள்ளை" என்றார், காதோடு. "இதில ஒரு ஆள் எண்டாலும் சாகாதோ?"